பாலில் எதை அளந்தோம்? வெதுருகுப்பத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

(நீண்ட பதிவு. நுண்ணுயிரியலும் கால்நடை மருத்துவமும் பயில்வோரையும், மொழி, வரலாற்றுத் துறை மாணவர்களையும் ஒருங்கே மனத்தில் கொண்டு எழுதியது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

தெலுங்கில் ‘வெதுரு’ என்றால் மூங்கில். சங்கத் தமிழில் அதே மரத்துக்கு ‘வெதிர்’ என்று பெயர். ‘குப்பம்’ இரு மொழிகளிலும் சிற்றூரைக் குறிக்கும். ஆகவே சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் தன் பெயரிலேயே இரண்டு மொழிகளின் உறவைச் சுமந்து நிற்கும் ஊர். வடஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் ஆகியவற்றின் பகுதிகளைச் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. 1960இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழகத்துக்கு வந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் முழுவதும், மழை பொய்க்கும் இந்த நிலத்தில் நிலக்கடலையை விடவும் நம்பத்தக்க வருவாயாக இருந்தது கறவை மாடுதான்.

வெதுருகுப்பம் போன்ற ஓர் ஊரில் பால் கறந்து விற்கும் குடும்பத்திடம் சந்தை எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பச்சைப்பாலிலும் பால்பொருள்களிலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் காணப்படுவது குறித்து இன்று உலகெங்கும் ஆய்வுகள் வெளிவருகின்றன. அவற்றைப் பெரும்பாலும் உழவரின் அறியாமை என்றோ மருந்துக் கடைகளின் பேராசை என்றோ சுருக்கிவிடுகிறோம். வரலாறு வேறொன்றைச் சொல்கிறது என்பது என் துணிபு. ஒவ்வொரு காலமும் பாலில் ஒன்றை அளந்தது. அளந்ததற்கு விலை வைத்தது. அளக்காததைக் காணாமல் விட்டது. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர், அளவுகோல்களுக்கு இடையே இருந்த இந்த இடைவெளியில் வளர்ந்தது.

1. கொழுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பால் பெரும்பாலும் முகத்தல் அளவாலோ எடையாலோ விற்கப்பட்டது. தண்ணீர் கலந்தவனுக்கும் கலக்காதவனுக்கும் ஒரே விலை. 1890இல் அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் இசுடீபன் பாப்காக் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். பாலோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பல்லாத பிற பொருள்கள் கரைந்துபோகும். சுழற்றினால் கொழுப்பு மட்டும் மேலே திரளும். கண்ணாடிக் குழாயின் கழுத்தில் அதன் அளவைப் படித்துக்கொள்ளலாம். சோதனைக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் நிக்லாசு கெர்பர் உருவாக்கிய முறை பின்னாளில் இந்தியாவின் பால் கூடங்களில் பரவலாயிற்று.

இந்தச் சோதனை நேர்மைக்குப் பெருந்துணை செய்தது என்பதில் ஐயமில்லை. கூட்டுறவுப் பால் இயக்கமே இதன்மேல் எழுந்தது. சிற்றூரின் ஏழைக் குடும்பமும் பெருநிலக்கிழாரும் ஒரே குழாயின் முன் சமமாயினர். இன்று அமிலத்துக்குப் பதில் மின்கருவி வந்துவிட்டது. சில நொடிகளில் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் திரையில் தெரிகின்றன. அவற்றைக் கொண்டே அன்றைய விலை கணக்கிடப்படுகிறது. தெலுங்குப் பேச்சில் கொழுப்பின் அளவை ‘வென்ன’ என்ற சொல்லால் குறிப்பார்கள். அது நம் ‘வெண்ணெய்’தான். தரம் என்பதற்கு மக்கள் வழக்கில் உள்ள பெயரே வெண்ணெயாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கருவிக்குத் தெரியாதவை பல. மடியில் நோய் இருந்தும் வெளியே அறிகுறி தோன்றாத நிலை ஒன்றுண்டு. மறைமுக மடிநோய் என்று அதைக் கால்நடை மருத்துவம் வழங்கும். அப்போது கறக்கும் பால் பார்வைக்கு வழக்கமான பாலாகவே இருக்கும். அதில் வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். நோய்செய்யும் பாக்டீரியாவும் இருக்கும். கொழுப்புமானி இவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நேற்று மடிக்குள் செலுத்திய மருந்து இன்றைய பாலில் கலந்திருக்கிறதா என்பதையும் அது சொல்லாது.

2. மடி

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளின் வரலாற்றை நாம் மருத்துவமனையில் தொடங்கியே பழகிவிட்டோம். 1928இல் பிளெமிங், பிறகு ஆக்சுபோர்டு, பிறகு போர்க்களம் என்று அக்கதை ஓடும். கறவை மாட்டின் மடி இக்கதையில் மிக முன்னதாகவே இடம்பெறுகிறது. 1939இல் ரெனே டுபோசு, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து டைரோத்ரிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். குருதியில் செலுத்த அது நஞ்சு. ஆனால் மடியின் காம்பு வழியே செலுத்தலாம். அவ்வாண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் போர்டன் நிறுவனம் காட்சிக்கு நிறுத்தியிருந்த பசுக்களுக்கு மடிநோய் கண்டபோது இம்மருந்து பயன்படுத்தப்பட்டது. பெனிசிலின் பொதுமக்களுக்குக் கிடைக்கும் முன்னரே, நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து பசுவின் மடிக்குள் நுழைந்துவிட்டது.

போருக்குப் பின் பெனிசிலின் மலிந்தது. மடிக்குள் செலுத்தும் குழல் மருந்துகள் சந்தைக்கு வந்தன. அவற்றால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு காம்பு வற்றிப்போனால் ஒரு குடும்பத்தின் மாத வருவாயில் கால் பங்கு போகக்கூடும். மாட்டின் வலியும் பெரிது. மருந்து அதைச் சில நாள்களில் மாற்றியது.

பாலில் மருந்து தங்குகிறது என்பதை முதலில் உணர்த்தியவற்றுள் ஒன்று, தயிர், பாலாடைக்கட்டித் தொழிலில் நேர்ந்த ஒரு சிக்கல். பாலை உறையச் செய்வது லாக்டிக் அமில பாக்டீரியா. அதுவும் பெனிசிலினுக்குச் சாகும். ஆகவே மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் உறையவில்லை, பாலாடைக்கட்டி திரளவில்லை. 1940களின் இறுதியிலும் 1950களிலும் மேலை நாடுகளின் தொழிற்கூடங்கள் இதைப் பற்றி முறையிட்டன. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பாலால் தீங்கு நேரலாம் என்ற அச்சமும் எழுந்தது. இவ்விரு காரணங்களாலும் இரண்டாவது அளவுகோல் பிறந்தது. ‘எச்சம்’ அதன் பெயர். பாலில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே அதன் கேள்வி.

3. எச்சமும் எதிர்ப்பும் ஒன்றல்ல

மாணவர்களிடையேயும் அடிக்கடி குழப்பத்துக்கு உள்ளாகும் வேறுபாடு ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். எச்சம் என்பது மருந்தின் மூலக்கூறு. மருந்துக்கு அடங்காமை என்பது உயிருள்ள பாக்டீரியாவின் மரபுப் பண்பு. எச்சம் இல்லாத பாலில் அடங்காத பாக்டீரியா இருக்கலாம். எச்சம் உள்ள பாலில் அது இல்லாமலும் இருக்கலாம். முதலாவது நாள்கள் கடந்தால் குறைந்துபோகும். இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தால் பெருகும்.

பாக்டீரியா பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை ஆக்கும் என்பதை ஏபிரகாமும் செயினும் 1940லேயே எழுதினர். 1945 திசம்பரில் தம் நோபல் உரையில் பிளெமிங், குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வது நுண்ணுயிரைப் பழக்கிவிடும் என எச்சரித்தார். ஆனால் நிலைமையின் முழு வீச்சையும் காட்டியது சப்பான். 1959 அளவில் அங்கு வயிற்றுக்கடுப்பு பாக்டீரியாவை ஆய்ந்தவர்கள், பல மருந்துகளுக்கு அடங்காத பண்பு ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனத்துப் பாக்டீரியாவுக்கே ஒருசேரக் கடத்தப்படுவதைக் கண்டனர். குடலில் வாழும் தீங்கற்ற பாக்டீரியாகூட இப்பண்பின் சேமிப்பிடமாகலாம் என்பது இதன் பொருள். அன்று முதல் மாட்டின் குடலும் மனிதக் குடலும் தனித்தனி உலகங்கள் என்று கொள்வது இயலாததாயிற்று.

இதற்குள் 1949இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில், தீவனத்தில் சிறிதளவு மருந்து சேர்த்தால் விலங்குகள் விரைந்து வளர்வதைக் கண்டுபிடித்திருந்தனர். நோயே இல்லாத விலங்குக்கும் நாள்தோறும் மருந்து கொடுக்கும் வழக்கம் பரவியது. 1960களின் நடுவில் இங்கிலாந்தில் கன்றுகளிடையே பல மருந்துகளுக்கு அடங்காத சால்மொனெல்லா பரவி மனிதரையும் தாக்கியது. கொலிண்டேல் ஆய்வகத்தின் ஈ. எசு. ஆண்டர்சன் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து எச்சரித்தார். பால் பண்ணையின் துணைவிளைவு கன்று என்பதை நினைவில் கொண்டால், இதுவும் பாலின் வரலாறே எனலாம். 1969 நவம்பரில் வெளியான சுவான் குழு அறிக்கை, மனித மருத்துவத்துக்கு இன்றியமையாத மருந்துகளை வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் சேர்க்கலாகாது என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சியூக்கி மருந்துகள் அனைத்தையும் முற்றாக நிறுத்த 2006 வரை ஆயிற்று.

பாலில் நேரடியாகக் காணப்பட்ட சான்றுகளும் உண்டு. மெதிசிலினுக்கு அடங்காத இசுடபிலோகாக்கசு ஆரியசு 1961இல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் அறியப்பட்டது. 1970களின் தொடக்கத்திலேயே பெல்சியத்தில் மடிநோய் கண்ட பசுக்களின் பாலில் அது காணப்பட்டது. 2007இல் கேம்பிரிட்சின் மார்க் ஓம்சு, மடிநோய் ஆய்வுக்காகத் திரட்டிய பால் மாதிரிகளில் புதிர் ஒன்றைச் சந்தித்தார். அங்கிருந்த பாக்டீரியா மருந்துக்கு அடங்கவில்லை. ஆயினும் அடங்காமைக்குரிய ‘மெக்-ஏ’ மரபணுவைத் தேடும் வழக்கமான சோதனை ‘இல்லை’ என்றே விடையளித்தது. 2011இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை காரணத்தை விளக்கியது. அங்கிருந்தது அதே தொழிலைச் செய்யும் வேறொரு மரபணு. பழையதோடு ஏறத்தாழ 70 விழுக்காடு மட்டுமே ஒத்தது. பின்னர் அதற்கு ‘மெக்-சி’ என்று பெயரிட்டனர். சோதனைக்கருவி தேடக் கற்றுக்கொடுத்ததை மட்டுமே கண்டது. பாலில் பலகாலம் அது இருந்துகொண்டிருந்தது.

இதன் தொடர்ச்சியாக 2022இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் வாழும் பூஞ்சை ஒன்று பெனிசிலின் வகைப் பொருளைச் சுரக்கிறது. அதே தோலில் வாழ்ந்த பாக்டீரியா அதற்கு எதிராக இப்பண்பைப் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மனிதன் மருந்து ஆக்குவதற்கு வெகு முன்பே, இது நிகழ்ந்திருக்கிறது. ஆகவே இப்பண்பை நாம் படைக்கவில்லை. நம் மருந்துகள் அதற்குப் பரவும் களத்தை அமைத்துக் கொடுத்தன. எந்தக் களங்களில் எவ்வளவு மருந்தைப் பயன்படுத்துகிறோம் என்பதே நம் கையில் உள்ளது.

4. இந்தியப் பாதை

1954இல் புனே அருகே பிம்ப்ரியில் இந்துசுதான் ஆன்டிபயாடிக்சு தொடங்கப்பட்டது. உலக நல்வாழ்வு நிறுவனமும் யுனிசெபும் உதவின. பெனிசிலினை நாமே ஆக்குவது அன்று விடுதலையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. அடுத்த ஆண்டே, 1955இல், திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2005இல் அதைத் தன்னுள் கொண்டு ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. மருந்தும் மருத்துவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இப்பகுதிக்கு வந்தனர் என்றே கொள்ளலாம்.

எச்சரிக்கைகளும் பிந்தவில்லை. 1972இல் கோழிக்கோட்டில் குளோராம்பெனிகாலுக்கு அடங்காத குடற்காய்ச்சல் பரவியது. அப்பண்பு பிற பாக்டீரியாக்களுக்குக் கடத்தத்தக்கது என்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் அவ்வாண்டே ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். ஆனால் அது மருத்துவமனைச் செய்தியாகவே நின்றுவிட்டது.

1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1950–51இல் நாட்டின் பால் உற்பத்தி 1.7 கோடி டன். 2022–23இல் 23 கோடி டன்னைத் தாண்டியது. இந்த வளர்ச்சிக்கு ஒரு காரணம் செர்சி, ஓல்சுட்டீன் கலப்பினங்கள். சித்தூர் மாவட்டத்தின் சொந்த இனமான குள்ளப் புங்கனூர் மாடு சிறிதளவே கறக்கும். அதன் எண்ணிக்கை மிகச் சுருங்கி, பலமனேர் ஆய்வு நிலையத்தில் பேணிக் காக்க வேண்டிய நிலை வந்தது. கலப்பின மாடு மிகுதியாகக் கறக்கும். மிகுதியாகக் கறக்கும் மடி நோய்க்கு எளிதில் ஆளாகும். நோய்க்கு மருந்து வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயமானதே.

1991இன் பொருளாதார மாற்றங்கள் தனியார் நிறுவனங்களுக்குப் பாதை திறந்தன. 1992இல் தொடங்கிய எரிட்டேசு நிறுவனம் இப்பகுதியின் அரசியலோடும் பொருளியலோடும் பிணைந்தது. சித்தூர்க் கூட்டுறவுப் பால் ஆலை 2002இல் மூடப்பட்டது. அதை அமுல் மீண்டும் இயக்குவதற்கான அடிக்கல் 2023 சூலையில் நாட்டப்பட்டது. இம்மாற்றங்களைப் பற்றிய அரசியல் வாதங்கள் பல உள. என் நோக்கில் முதன்மையானது வேறு. கூட்டுறவு, தனியார், மீண்டும் கூட்டுறவு என்று கொள்வோர் மாறியபோதும் விலையின் அடிப்படை மாறவில்லை. அது கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளுமாகவே நின்றது.

சட்டம் தன் அளவில் முன்னேறியது. 2012 சனவரியில் மருந்து விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. கால்நடை மருந்தின் உறையில் விலக்குக்காலம் குறிக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட காலம் வரையறுக்கப்படாத மருந்தாயின், கொடுத்த பின் குறைந்தது 7 நாள் பாலை மனித உணவுக்குப் பயன்படுத்தலாகாது. 2019 சூலையில் உணவு விலங்குகளுக்குக் கொலிசுடின் மருந்து தடைசெய்யப்பட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைத் திரட்டி ஆய்ந்து, 2019 அக்டோபரில் முடிவுகளை வெளியிட்டது. 12 மாதிரிகளில் மட்டுமே கலப்படம் இருந்தது. வரம்பை மீறிய மருந்து எச்சம் 77 மாதிரிகளில், அதாவது 1.2 விழுக்காட்டில் காணப்பட்டது.

மக்கள் அஞ்சிய கலப்படத்தைவிட மருந்து எச்சம் ஆறு மடங்கு மிகுதி என்பது கவனத்துக்குரியது. ஆயினும் 1.2 விழுக்காடு என்பது ஆறுதலான எண்ணே. இங்கேதான் முன் சொன்ன வேறுபாடு முதன்மை பெறுகிறது. அந்த ஆய்வு அளந்தது எச்சத்தை. ஏழு நாள் கழித்து எச்சம் நீங்கிய பாலும் அதில் தேர்ச்சி பெறும். அந்த ஏழு நாளில் மடியிலும் குடலிலும் தொழுவத்திலும் எந்தப் பாக்டீரியா பிழைத்து நின்றது என்பது அதன் கேள்வியே அன்று.

விலக்குக்காலம் நடைமுறையில் என்னவாகிறது என்பதையும் எண்ண வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பம் ஒரு மாட்டின் பாலை ஏழு நாள் ஊற்றாமல் இருந்தால், அந்த வார வருவாயில் பாதி இல்லை. கொட்டிய பாலுக்கு ஈடு தருவார் எவருமில்லை. கொட்ட மனமில்லாதவர் அதைக் கன்றுக்குக் கொடுப்பார். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் மருந்து கலந்த பாலைக் குடிக்கும் கன்றின் குடலில் அடங்காத பாக்டீரியாவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. கன்று வளர்ந்து மறுபடியும் அதே தொழுவத்தில் பசுவாகிறது.

5. காய்ச்சிக் குடிப்பவர்கள்

‘நாம் பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்’ என்ற மறுப்பு இங்கே எழும். நியாயமான மறுப்பு. 72 பாகை செல்சியசில் 15 நொடி சூடாக்கும் பாசுச்சராக்க முறையே இத்தகைய நோய்ப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வெப்பத்துக்கும் அடங்காது என்று எண்ணுவது பிழை. சூட்டின் முன் இரண்டும் ஒன்றே. பொங்கப் பொங்கப் பால் காய்ச்சும் நம் வீட்டு வழக்கம் பெரும் அரண்.

அந்த அரணுக்கு வெளியே இருப்பவை எவை என்று பட்டியலிட்டால் படம் தெளிவாகும். முதலில் கறப்பவரின் கை. பாலைக் குடிப்பவருக்கு முன்னரே அந்தப் பாக்டீரியாவைத் தொடுபவர் அவர், பெரும்பாலும் பெண். அடுத்தது தொழுவத்துச் சாணமும் கழுவிய நீரும் சேரும் நிலமும் நீர்நிலையும். மூன்றாவது, காய்ச்சிய பின் மறுபடியும் கை படும் பொருள்கள்: பன்னீர், திரட்டுப்பால், தெருவோர மோர். நான்காவது, பச்சைப்பாலிலிருந்தே கடையும் பாலேடும் வெண்ணெயும். ஐந்தாவது, நாகசதுர்த்தியன்று புற்றுக்கு ஊற்றுவதும் அபிடேகத்துக்குப் பயன்படுவதுமாகிய காய்ச்சாத பால்; பல இடங்களில் அது தீர்த்தமாகக் கைக்கும் வருகிறது. ஆறாவது, ‘பண்ணையிலிருந்து நேரடியாக’ என்ற விளம்பரத்தோடு நகர வாசலுக்கு வரும் கண்ணாடிப் புட்டிப் பச்சைப்பால். கடைசியாகச் சொன்னதைக் காய்ச்சாமல் அருந்துவது உடலுக்கு நல்லது என்று பரப்புவோர், மேலே கண்ட வரலாற்றை முற்றாக மறந்தவர்கள்.

மருந்தின் எச்சமோ பெரும்பாலும் காய்ச்சினாலும் போகாது. அடுப்பு பாக்டீரியாவைக் கொல்லும்; மருந்தை முழுவதும் அழிக்காது.

இச்சிக்கலின் எடையை மிகைப்படுத்தவும் கூடாது. 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்பது 2022இல் வெளியான மதிப்பீடு. அதில் மனித மருத்துவத்தின் பங்கு பெரிது. மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் கழிவுநீரும் முன்னிற்கின்றன. பாலின் பங்கைத் தனியே பிரித்து எண்ணாக்குவது எளிதன்று. 2010இல் ‘புது தில்லி’ என்ற பெயரோடு என்டிஎம்-1 நொதி பற்றிய கட்டுரை வெளியானபோது நாடாளுமன்றம் வரை எழுந்த சினம் நினைவிருக்கலாம். அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. விவாதம் பெரும்பாலும் பெயரைப் பற்றியதாகவே போயிற்று; பொருள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனமும், 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த எச்1 மருந்துப் பட்டியலும், 2017இன் தேசியச் செயல்திட்டமும் அதன் பின்னர் வந்தவை. செயல்திட்டம் மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசியது. பால் கொள்முதல் நிலையம் வரை அது வந்து சேரவில்லை.

6. ஒரு சொல்லின் சிக்கல்

என் துறை மொழியியல் என்பதால் இதைச் சொல்லாமல் விட இயலவில்லை. தமிழில் உடலின் காப்பாற்றலை ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்கிறோம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்கிறோம். அம்மருந்துக்குப் பாக்டீரியா அடங்காமல் நிற்பதை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்கிறோம். உடல், மருந்து, நுண்ணுயிர் ஆகிய மூவரும் ஒரே வேர்ச்சொல்லால் ‘எதிர்க்கின்றனர்’. முதலாவது எதிர்ப்பு நமக்கு நன்மை, மூன்றாவது தீமை. தெலுங்கிலும் இதே நிலை. உடலின் காப்பாற்றல் ‘ரோகநிரோதக சக்தி’. பாக்டீரியாவின் அடங்காமை ‘நிரோதகத’. இரு மொழி பேசும் ஒரு மாவட்டத்தில் இரு மொழிகளும் ஒரே இடத்தில் இடறுகின்றன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2015இல் உலக நல்வாழ்வு நிறுவனம் இந்தியா உட்பட 12 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், 76 விழுக்காட்டினர் மருந்துக்குப் பழகிப்போவது மனித உடல் என்றே எண்ணினர். ‘என் உடலுக்கு அந்த மாத்திரை கேட்பதில்லை’ என்று நாமும் அன்றாடம் சொல்கிறோம். உடல்தான் பழகுகிறது என்றால் அது அவரவர் சொந்தச் சிக்கல். பழகுவது நுண்ணுயிர் என்றால், ஒரு தொழுவத்தில் பழகியது இன்னொரு வீட்டுக்கும், சித்தூரிலிருந்து வேலூர் மருத்துவமனைப் படுக்கைக்கும் போகும். சொல்லின் எழுவாய் மாறினால் பொறுப்பின் எல்லையும் மாறுகிறது.

எனவேதான் இக்கட்டுரை முழுவதும் இயன்றவரை ‘மருந்துக்கு அடங்காத பாக்டீரியா’ என்று எழுதினேன். ‘அடங்குதல்’ என்பதை நோய்க்கும் காய்ச்சலுக்கும் நம் மக்கள் ஏற்கெனவே வழங்குகிறார்கள். ‘மருந்துக்கு அடங்காத’ என்றதும் அடங்க மறுப்பது எது என்ற கேள்வி இயல்பாக எழும். அடுத்து வரும் பெயர்ச்சொல் அதற்கு விடை சொல்லும். கலைச்சொல்லாக இது நீளமாகத் தோன்றலாம். ஆனால் விரிவாக்கப் பணியாளரும் உழவரும் பேசிக்கொள்ளும் இடத்தில் குழப்பமற்ற நீளமே மேலானது.

7. அடுத்த அளவுகோல்

வரலாறு ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. எதற்கு விலை வைத்தோமோ அது பாலில் மிகுந்தது. கொழுப்புக்கு விலை வைத்தோம், கொழுப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பச்சைப்பாலில் மில்லி லிட்டருக்கு 4 இலட்சம் வெள்ளணு வகை உயிரணுக்கள் என்ற வரம்பை வைத்தது. மடிநலம் அங்கே கொள்முதலின் நிபந்தனையாயிற்று. பல நாடுகளில் விலையோடும் இணைந்தது. நோயற்ற மடிக்கு மருந்து வேண்டியதில்லை. மறைமுக மடிநோயைத் தொழுவத்திலேயே கண்டறியும் கலிபோர்னியா சோதனை 1957 முதல் நம் கையில் உள்ளது. அதற்கு வேண்டியவை ஒரு தட்டும் ஒரு கரைசலும் மட்டுமே.

சிகிச்சையிலும் மாற்றுவழிகள் உள்ளன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மரபுசார் மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்திய கலவையில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, நீர் சேர்த்து மடியின்மேல் நாளில் பலமுறை பூச வேண்டும். தேசிய பால்வள வாரியம் இதைப் பல மாநிலங்களில் பரப்பி வருகிறது. எல்லா மடிநோய்க்கும் இதுவே போதும் என்று சொல்லத் துணியேன். கடும் தொற்றில் மாட்டைக் காக்க மருந்து வேண்டும், மருத்துவரும் வேண்டும். தொடக்க நிலையில் இது கைகொடுக்குமாயின் மருந்தின் தேவை குறையும். விலக்குக்காலத்தில் கொட்ட வேண்டிய பாலும் குறையும்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. மடிநலத்துக்குக் கொள்முதல் விலையில் ஓர் இடம். விலக்குக்காலத்தில் ஊற்றாமல் நிறுத்திய பாலுக்கு ஈடு. எச்சத்தோடு அடங்காத பாக்டீரியாவையும் முறையாகக் கண்காணித்து, மாவட்டந்தோறும் முடிவுகளை உழவருக்குப் புரியும் மொழியில் வெளியிடுதல். மூன்றாவதற்கு ஆய்வகங்கள் இல்லை என்று திருப்பதியை அருகில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

இவை இல்லாதவரை, வெதுருகுப்பத்தில் விடியற்காலையில் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் ‘ஏன் ஏழு நாள் காத்திருக்கவில்லை’ என்று கேட்கும் உரிமை நமக்குக் குறைவு. அவர் பாலைக் கருவி அளக்கிறது, கொழுப்பைச் சொல்கிறது, சீட்டில் அதற்கான தொகை அச்சாகிறது. நாம் கேட்டதை அவர் கொடுத்துவிட்டார்.

(மடிநோய்க்கும் மருந்துக்கு அடங்காமைக்கும் உங்கள் வட்டாரத்தில் வழங்கும் தமிழ், தெலுங்குச் சொற்கள் இருப்பின் பதிவிடுங்கள். கால்நடை மருத்துவம் பயில்வோரின் திருத்தங்களையும் வரவேற்கிறேன்.)